துண்டுக் கடதாசிக்குப் பயந்து ஏசியைக் கழற்றாதீர்கள்



செவ்வாய்க்கிழமை காலை ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடியின் ஒவ்வொரு கதவுக்கு அடியாலும் ஒரு கடதாசி வந்து விழுந்தது. ஏசி வைத்திருப்பவர்கள் பத்து நாளைக்குள் கழற்ற வேண்டும், தவறினால் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவீர்கள் என்று எழுதியிருந்தது. கையொப்பமும் இல்லை, சட்டப் பிரிவும் இல்லை.

அன்றிரவு பதினொரு மணிக்கு எதிர்வீட்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். பதினான்காம் மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். குசினிச் சுவரில் தொங்கிய வெப்பமானி 33 பாகை காட்டியது. அவருக்கு எழுபத்தெட்டு வயது; நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. குளியலறைத் தரையில் ஈரத் துவாயை விரித்து அதன்மேல் படுத்திருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த ஏசி வயர் சுற்றி, பெட்சீட் போர்த்தி, கூடத்து மூலையில் நின்றது. “ஏன் தம்பி வில்லங்கம்? கழட்டச் சொல்லிப் போட்டாங்கள், நானும் கழட்டிப் போட்டன்” என்றார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அவர்மேல் அல்ல, நம்மேல். அந்தக் கடதாசிக்கு அவரை அந்த வீட்டிலிருந்து எழுப்புகிற வலு இல்லை என்று நாம் யாரும் முன்கூட்டியே போய்ச் சொல்லவில்லையே!

இப்போது சொல்கிறேன், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் வீட்டு முதலாளியால் தானாக உங்களை வெளியேற்ற முடியாது. முகாமையாளராலும் முடியாது, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பராலும் முடியாது. வீட்டு உரிமையாளர் – குடியிருப்பாளர் சபை விசாரித்துக் கட்டளை போட வேண்டும். அந்தக் கட்டளையை நிறைவேற்ற ஷெரிஃப் வர வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் ஏசி கூடாது என்று ஒரு வரி இருந்தாலும் இதுதான் வழி. சேதம், இடைஞ்சல் என்று சொல்லி என்5 படிவம் தந்தால்கூட, முதல் தடவை ஏழு நாளுக்குள் குறையைச் சரிசெய்தால் அந்த அறிவித்தல் செல்லாது. மின்சாரம் வாடகைக்குள் அடங்கியிருந்தால் ஏசிக்கென்று மேலதிகக் காசு கேட்பார்கள். இன்றைய விதிப்படி நீங்கள் இணங்கினால்தான் அது வாடகையில் ஏறும். வருத்தக்காரர் இருக்கிற வீடென்றால் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். உடல் இயலாமைக்கு இடங்கொடுக்கும் கடமையை மனித உரிமைச் சட்டம் வீட்டு முதலாளிமேல் சுமத்தியிருக்கிறது.

இனி, நான் இதை எழுதத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன். ஏசி வைக்கும் உரிமை நமக்கு ஏற்கெனவே சட்டமாக எழுதப்பட்டுவிட்டது! டக் ஃபோர்டின் மாகாண அரசு கொண்டுவந்த சட்டமூலம் 97 குயின்ஸ் பார்க் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜூன் 8 அன்று அரச ஒப்புதலும் பெற்றது. வீட்டு முதலாளி ஏசி தராத இடத்தில் குடியிருப்பவர் ஜன்னல் ஏசியோ தரையில் வைக்கும் ஏசியோ வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. எழுத்தில் அறிவிக்க வேண்டும், பாதுகாப்பாகப் பொருத்த வேண்டும், கட்டடத்துக்குச் சேதம் வரக்கூடாது. மின்சாரச் செலவு முதலாளியுடையதென்றால், ஏசி ஓடும் காலத்துக்கு மட்டும் உண்மையான செலவளவுக்கு வாடகையைக் கூட்டலாம். இதில் எனக்கு மறுப்பில்லை, நியாயமான கணக்கு.

ஆனால் அந்தப் பிரிவுகள் அரசு பிரகடனம் செய்யும் நாளில்தான் நடைமுறைக்கு வரும். அந்த நாளை அரசு குறிக்கவில்லை. 2023 கோடை போயிற்று, 2024 போயிற்று, இன்னும் காத்திருக்கிறோம். புதிதாக விவாதிக்க ஒன்றும் மிச்சமில்லை, வாக்கெடுப்பும் தேவையில்லை. தேவை ஒரு பிரகடனம். அதுவரை அந்தப் பிரிவுகளைக் காட்டி அந்த அம்மாவால் சபையில் வாதாட முடியாது.

குளிரென்றால் கதை வேறு. செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுச் சூடு மாகாணச் சட்டத்தில் அத்தியாவசிய சேவை. அதை நிறுத்துவது குற்றம். குளிரில் மனிதர் சாவார்கள் என்று இந்த நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. வெக்கையிலும் சாவார்கள்! 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவை மூடிய வெக்கையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 விழுக்காட்டினர் கட்டடங்களுக்கு உள்ளேயே இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். அந்தக் குளியலறைத் தரை நினைவுக்கு வராமல் இந்த எண்களை என்னால் வாசிக்க முடியவில்லை.

பாதுகாப்பு என்று முதலாளிமார் சொல்வதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. 2019 நவம்பரில் இதே ஸ்காபரோவில், எட்டாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஏசி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அதை மறந்து உரிமை பேச எனக்கு மனம் வராது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே தொங்கும் பெட்டியைத் தாங்கு சட்டகம் இல்லாமல் யாரும் வைக்காதீர்கள். தரையில் நிற்கும் ஏசியில் வெளியே போவது குழாய் மட்டும்தான், கீழே விழ ஒன்றுமில்லை. அதையும் நீட்டிப்பு வயரில் கொடுக்காமல் சுவர்ச் செருகியில் நேரே கொடுங்கள். தண்ணீர்த் தட்டை வழியவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது.

தனியாகப் போய் முகாமையாளரோடு வாக்குவாதப்படாதீர்கள். 2017இல் இதே நகரத்துப் பார்க்டேலில் சில நூறு குடியிருப்பாளர்கள் ஒன்றாக வாடகையை நிறுத்தி வைத்து, வாடகை உயர்வில் முதலாளியை இறங்கி வரச் செய்தார்கள். கதவு கதவாகத் தட்டித்தான் அவர்கள் ஆட்களைச் சேர்த்தார்கள். நாமும் தட்டுவோம். தமிழ் வீடுகளை மட்டுமல்ல, பிலிப்பீனோ வீட்டையும் ஆப்கான் வீட்டையும் தட்டுவோம். எல்லாக் கதவுக்கு அடியிலும் வந்தது ஒரே கடதாசிதான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கீழே லாண்ட்ரி அறைக்கு வாருங்கள். வந்த கடதாசியை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். வெப்பமானியை இரவில் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். இரண்டு கடிதங்கள் தயாராக இருக்கும்: ஒன்று முகாமையாளருக்கு, மற்றது பிரகடனத்தை உடனே வெளியிடக் கேட்டு நமது மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு. இரண்டிலும் வீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும். படியிறங்க முடியாதவர்களிடம் நாங்களே மேலே கொண்டு வருவோம்.

எதிர்வீட்டு அம்மாவின் ஏசியை நேற்று நானும் ஒன்பதாம் மாடித் தம்பியும் மறுபடி பொருத்திக் கொடுத்தோம். கழற்றி வைத்தவர்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்லுங்கள், இன்றிரவே வருகிறோம்.