மில் நிலத்தில் யாருக்குப் பங்கு?

மும்பையில் லோயர் பரேல் ரெயில்வே ஸ்டேஷனுக்குச் சமீபத்தில் பீனிக்ஸ் என்ற பெயருடன் மிகப் பெரிய மால் ஒன்று இருக்கிறது. அன்னிய தேசத்துக் கைக்கடிகாரங்களும் தோல் பைகளும் விற்கும் கடைகள், சினிமாக் கொட்டகைகள், போஜன சாலைகள், இவற்றையொட்டி வானளாவிய ஹோட்டல். இத்தனைக்கும் நடுவே புகையில்லாத புகைபோக்கி ஒன்று நெட்டையாய் நிற்கிறது. அங்கே போகிறவர்களில் அநேகர் அதை அலங்காரத்துக்காகக் கட்டியதென்றே எண்ணுவார்கள். உண்மையில் அது ஒரு பஞ்சாலையின் புகைபோக்கி. அந்த ஆலை கடைவீதியான விருத்தாந்தம், நகரத்து நிலத்தில் யார் யாருக்கு என்ன பாத்தியதை என்ற பெரிய வழக்கோடு பிணைந்தது.

பீனிக்ஸ் மில்ஸ் கம்பெனி ஸ்தாபிதமானது 1905-ல். அது எத்தகைய வருஷமென்று நம் நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. கர்ஸான் பிரபு வங்காளத்தைத் துண்டாடியதற்கு மறுமொழியாகத் தேசம் சுதேசி விரதம் பூண்ட வருஷம் அது. சீமைத் துணியைத் துறந்தவர்களுக்கு வேறு துணி வேண்டுமல்லவா? அதில் பெரும்பகுதியைக் கொடுத்தவை பம்பாய், ஆமதாபாத் மில்கள். 1854-ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்ஸி வியாபாரி முதல் நூல் மில்லுக்குக் கம்பெனி கூட்டிய நாள் தொட்டு, பம்பாயின் மில் தொழில் லங்காஷயரின் பொறாமையோடு மல்லாடியே வளர்ந்தது. 1896-ல் இந்திய மில் துணியின் மீது சர்க்கார் நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி சுமத்தினர். சீமைத் துணிக்குப் போட்டி கூடாதென்பதற்காகத் தங்கள் பிரஜைகளின் தொழிலுக்குத் தாங்களே வரி போட்ட விநோதம் அது! அவ்வரி ஒழிய ஏறக்குறைய முப்பது வருஷங்கள் சென்றன. ஆகவே, மில்களை ஆதரிப்பது தேசத் தொண்டென்று ஜனங்கள் கருதினார்கள். முதலாளிகளில் பலர் அந்த அபிமானத்தைப் பயன்படுத்தி விலையை ஏற்றினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வாலைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் கொங்கணத்திலிருந்தும் தக்கண ஜில்லாக்களிலிருந்தும் வந்த ஏழைக் குடியானவர்கள். ஓர் அறையில் பத்துப் பேர் முறை வைத்துப் படுத்துறங்கி, சங்கு ஊதியதும் எழுந்தோடியவர்கள். 1908 ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷ சிக்ஷை விதிக்கப்பட்டபோது, வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் மில்களை நிறுத்தியவர்களும் இவர்களே. அதே மாதத்தில்தான் நம் சிதம்பரம் பிள்ளைக்கும் தண்டனை கிடைத்தது.

இனி 1982-க்கு வருவோம். அவ்வருஷம் ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் சுமார் இரண்டரை லக்ஷம் பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. 1946-ம் வருஷத்துப் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் தொழிலாளர் சார்பில் பேசும் உரிமை. அச்சங்கத்தில் நம்பிக்கையிழந்தவர்கள் அந்த ஏற்பாட்டை நீக்கும்படி கேட்டது மற்றொரு கோரிக்கை. இரண்டும் பலிக்கவில்லை. வேலை நிறுத்தம் முடிந்ததென்று எவரும் முறைப்படி அறிவிக்கவேயில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அது தானே ஓய்ந்தது. பல மில்கள் மறுபடி திறக்கப்படவில்லை. பழைய யந்திரங்களும் விசைத்தறிகளின் போட்டியும் முன்னமே அவற்றை நலியச் செய்திருந்தன என்பது மெய். ஆனால் தறிக்குக் கீழேயுள்ள தரை தறியைவிட விலையேறியது என்ற ஞானம் முதலாளிகளுக்கு அப்போதுதான் நன்றாய் உதித்தது.

அந்தத் தரை கொஞ்சமா? நகரத்தின் மத்தியில் சுமார் 600 ஏக்கர்! சில மில்கள் சொற்பக் குத்தகைக்குப் பொது நிலத்தை அனுபவித்து வந்தன. தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட இந்நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதானால் சர்க்காரின் அனுமதி வேண்டும். 1991-ல் ஏற்பட்ட அபிவிருத்தி விதிகளில் 58-வது விதி இதற்கு ஒரு நியாயமான பங்கீடு கண்டது. நிலத்தை மூன்று கூறாக்கி, ஒரு கூறு நகரசபைக்கு, மைதானம் முதலிய பொது உபயோகங்களுக்காக, ஒரு கூறு வீட்டு வசதி ஸ்தாபனத்துக்கு, எளியோர் வீடுகளுக்காக, மீதி உடையவருக்கு. ஆனால் பழைய கட்டடங்களை இடிக்காமலே சில புதிய உபயோகங்களுக்குக் கொடுக்கவும் அதே விதியில் இடமிருந்தது. நூல் மில்லின் கொட்டகைகள் ஒவ்வொன்றாய் உருமாறியது இந்தச் சந்தின் வழியாகத்தான். பீனிக்ஸில் 1990-களின் இறுதியில் பந்து உருட்டி விளையாடும் கூடம் வந்தது. தொழிலாளரின் பொழுதுபோக்குக்கென்று அனுமதி வாங்கிய இடம் இப்படி ஆயிற்றென அவர்கள் தரப்பில் அப்போது குறை கூறினார்கள். பிறகு சாமானியர் கூடும் பிக் பஜார், அதன் பிறகு செல்வர்க்கென்றே பல்லேடியம் என்னும் மாளிகை. ஒரு காலத்தில் நூல் நூற்ற கம்பெனி இன்று தேசத்தின் பல நகரங்களில் கடை வாடகை வாங்கும் கம்பெனி. சென்னை வேளச்சேரியில் 2013-ல் திறக்கப்பட்ட மாலும் அதனுடையதே.

2001-ல் சர்க்கார் மேற்படி விதியைத் திருத்தினர். மில்லின் மொத்த நிலத்தைப் பங்கிட வேண்டாம், கட்டடமில்லாத வெற்றிடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். ஒரு மில்லுக்குப் பதினைந்து ஏக்கர் என்று வையுங்கள். அதில் பன்னிரண்டு ஏக்கரில் கொட்டகைகள். பழைய பங்கீட்டில் நகரசபைக்கு ஐந்து ஏக்கர், வீடுகளுக்கு ஐந்து ஏக்கர். திருத்தத்துக்குப் பின் வெற்றிடமான மூன்று ஏக்கர்தான் பங்குக்கு வரும். நகரத்துக்கும் ஏழைகளுக்கும் ஏக்கர் ஒன்றுக்கு மேல் கிடையாது. ஆலையோ நெருக்கமாய்க் கட்டுவது. வெற்றிடம் அதில் எங்கே அதிகமிருக்கப் போகிறது?

சுற்றுப்புறப் பாதுகாப்புச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 2005 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட்டார் அவர்களுக்குச் சாதகமாய்த் தீர்ப்பளித்தனர். 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டார் அதை மாற்றித் திருத்தம் செல்லும் என்றனர். தீர்ப்பின் சட்டத்தோடு நமக்கு வழக்கில்லை. விதி செய்ய அதிகாரமுள்ளவர்களுக்கு விதியைத் திருத்தவும் அதிகாரமுண்டு. அதிகாரமுண்டென்பதால் செய்தது நியாயமாகிவிடுமா என்பதே நம் கேள்வி. பழைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை, நிலம் விற்றால்தான் தொழிலாளரின் பாக்கி தீரும் என்று முதலாளிகள் தரப்பில் வாதித்தார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையுண்டு. ஆனால் அந்நிலத்தின் விலை எவரால் ஏறியது? ரெயிலும் ரஸ்தாவும் குழாய் நீரும் கொண்டுவந்த நகரத்தாரால் ஏறியது. 2005-ல் ஒரே ஒரு மில்லின் பதினேழரை ஏக்கர் 702 கோடி ரூபாய்க்குப் போயிற்றென்றால், பங்கு கொடுக்கக் கட்டாதென்ற பேச்சை நம்புவது எப்படி?

நகரத்தார் இழந்தது கண்ணுக்குத் தெரியாத நஷ்டமல்ல. 2017 செப்டம்பர் 29-ந் தேதி காலை, பக்கத்திலுள்ள எல்பின்ஸ்டன் ரோட் ஸ்டேஷனின் நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மில் சங்குக்கு வந்துபோன தொழிலாளருக்காக ஏற்பட்ட ஸ்டேஷன்கள், இன்று கோபுரம் கோபுரமாய் எழுந்த ஆபீஸ்களின் கூட்டத்தையும் தாங்குகின்றன. அந்த விபத்துக்கு நிலப் பங்கீடு ஒன்றே காரணமென்று சொல்லமாட்டோம். ஆனால் அவ்வட்டாரத்தில் ஜனங்கள் பரவி நடக்க இடம் விடும் சந்தர்ப்பம் ஒரு தடவை வந்தது. அதை விட்டவர்கள் சர்க்கார்.

தொழிலாளரின் வீடுகளோ? 2012-ல் முதல் தடவையாகச் சீட்டுக் குலுக்கி 6,925 வீடுகள் ஒதுக்கினார்கள். மனுப் போட்டவர்கள் ஒரு லக்ஷத்துக்கு மேல். எஞ்சியவர்களுக்கு இப்போது ஷேலு, வாங்கணி என்று கர்ஜத் மார்க்கத்துக் கிராமங்களில் வீடு தருவதாய்ச் சொல்லுகிறார்கள். உழைத்த ஊரிலேயே இடம் வேண்டுமென்று 2025-ல் அவர்கள் ஆசாத் மைதானத்தில் கூடிக் கேட்டார்கள். 1982-ல் இருபத்தைந்து வயதாயிருந்தவன் இன்று எழுபதை எட்டிவிட்டான். அவனை மலையடிவாரத்துக்கு அனுப்புவதற்கு முன், மத்திய சர்க்காரின் ஜவுளிக் கார்ப்பரேஷன் கையில் மும்பையில் எஞ்சியுள்ள மில் நிலம் எவ்வளவு, அதில் 1991-ம் வருஷத்துப் பங்கீட்டின்படி வீடுகளுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கை மஹாராஷ்டிர சர்க்காரும் டில்லி சர்க்காரும் சேர்ந்து பகிரங்கமாய் வெளியிட வேண்டும்.