கூடமும் கோணலாக இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. தன் குறையை மறைக்க மற்றவற்றின்மீது பழி போடுபவரை இது இடித்துரைக்கிறது. ஆயினும், மடிக்கணினியைப் பயன்படுத்தும்போது இப்பழமொழி எல்லா வேளையிலும் பொருந்துவதில்லை. அங்கே கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கலாம். அதை நேராக்கும் வழி தெரியாத மாணவர்கள் தங்களையே குறைசொல்லிக் கொள்கின்றனர்.

ஜொகூர் மாநிலத்தின் கூலாயில், படிவம் மூன்றில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்மொழிப் பாடத்திற்கான கட்டுரையை அவர் மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறார். இரண்டாம் பத்தியை எழுதும்போது, அவருடைய உள்ளங்கை விசைப்பலகைக்குக் கீழே உள்ள தொடுபலகையில் இலேசாகப் பட்டுவிடுகிறது. உடனே கர்சர் முதல் பத்திக்குத் தாவுகிறது. அடுத்து எழுதிய சொற்கள் அனைத்தும் முதல் பத்தியின் நடுவில் போய் விழுகின்றன. அவற்றை அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறார். மீண்டும் அதே சிக்கல். மூன்றாம் முறை, “எனக்குக் கணினியே வராது, அம்மா” என்று கூறி மடிக்கணினியை மூடிவிடுகிறார். “பழகினால் வந்துவிடும்மா” என்கிறார் தாயார்.

தாயாரின் ஆறுதல் நல்லதே. ஆனால், அங்கே குறை பழக்கத்தில் இல்லை. தொடுபலகையின் உணர்திறன் அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட வேலையை யாரும் அம்மாணவிக்குச் சொல்லித் தரவில்லை. மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைக்கச் செய்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அதைத் தங்கள் கைக்கேற்பச் சீரமைக்கவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

இத்தேவை எப்படி எழுந்தது என்பதை அறிய, சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்திற்கு மாறின. அவ்வேளையில் கல்வி அமைச்சு, ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை மேற்கொண்டது. அவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. இக்குறையைப் போக்க, 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ‘செர்டிக்’ நிதி அறிவிக்கப்பட்டது. 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்க 15 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது.

இப்புள்ளி விவரங்கள் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றன. பல மாணவர்களின் விரல்கள் முதலில் பழகியது திறன்பேசியில்தான். திறன்பேசியில் எந்தப் படத்தைத் திறக்க வேண்டுமோ அந்தப் படத்தின்மேலேயே விரலை வைக்கிறோம். தொடுபலகை அப்படிப்பட்டதன்று. விரல் ஓரிடத்தில் இருக்கிறது. அம்புக்குறி திரையில் வேறோர் இடத்தில் நகர்கிறது. விரல் தொடுபலகையின் ஓரத்தை எட்டிவிட்டால், அதைத் தூக்கி மீண்டும் நடுவில் வைத்து நகர்த்த வேண்டும். திறன்பேசியில் விரைந்து செயல்படும் மாணவர்கூட மடிக்கணினியின் முன் தடுமாறுவதற்கு இவ்வேறுபாடே காரணம். இது திறமைக் குறைவன்று. யாரும் விளக்காத ஒரு வேறுபாடு.

தொடுபலகை செயல்படும் முறையையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அதன் மேற்பரப்புக்கு அடியில், நுண்ணிய மின்முனைகள் கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. எனவே, விரல் அருகில் வரும்போது அவ்விடத்தின் மின்தேக்கத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு விரல் இருக்கும் இடத்தைக் கணினி கண்டறிகிறது. நீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஈர விரலும் வியர்வைத் துளியும் கணினியைக் குழப்பக்கூடும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஜொகூரில் இதை மறக்கலாகாது. அம்புக்குறி அங்குமிங்கும் துள்ளினால், முதலில் கையைத் துடைத்துவிட்டு, உலர்ந்த மென்துணியால் தொடுபலகையையும் துடைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் சிக்கல் தீராவிட்டால், அமைப்பை மாற்றலாம். விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, புளூடூத்தும் கருவிகளும் என்னும் பிரிவுக்குள் சென்றால் ‘டச்பேட்’ பக்கம் கிடைக்கும். அம்புக்குறியின் வேகத்தை அங்கே கூட்டலாம், குறைக்கலாம். தொடுபலகையின் உணர்திறனை நான்கு நிலைகளுள் ஒன்றில் வைக்கலாம். தட்டச்சு செய்யும்போது கர்சர் தாவினால், உணர்திறனை ஒரு நிலை குறைத்துப் பார்ப்பதே முதல் மருந்து. இரு விரல்களால் பக்கத்தை நகர்த்தும் திசையையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். இடக்கைப் பழக்கமுள்ளோர், மவுஸ் அமைப்பில் இடது வலது பொத்தான்களை மாற்றி வைக்கலாம். மடிக்கணினியின் வகைக்கேற்ப இவ்வசதிகள் சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். பல மடிக்கணினிகளில், தொடுபலகையை நிறுத்தவும் இயக்கவும் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு விசை உண்டு. அதைத் தவறுதலாக அழுத்திவிட்டு, கணினி பழுதாகிவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் செல்வது வீண் அலைச்சல் அல்லவா?

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உள்ளனர். “ஒரு மவுஸ் வாங்கிவிட்டால் போதாதா?” என்பர் சிலர். மவுஸ் நல்ல கருவிதான். நெடுநேரம் படம் வரைவதற்கு அது தொடுபலகையைவிட வசதியானது. ஆனால், அதை வைக்க மேசை வேண்டும். தம்பி தங்கையருடன் வரவேற்பறைத் தரையில் அமர்ந்து படிக்கும் மாணவருக்கு அந்த இடம் கிடைப்பது அரிது. மடியில் வைத்தும் பயன்படுத்துவதற்காகத்தான் மடிக்கணினியிலேயே தொடுபலகை அமைக்கப்பட்டுள்ளது. 1994இல் ஆப்பிள் நிறுவனம், அதுவரை தன் மடிக்கணினிகளில் இருந்த உருளும் பந்தை நீக்கிவிட்டு, பவர்புக் 500 வரிசையில் தொடுபலகையைப் பொருத்தியது. இன்று தொடுபலகை இல்லாத மடிக்கணினியைக் காண்பது அரிது.

“இக்காலப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வர்” என்பர் வேறு சிலர். இதில் பாதிதான் உண்மை. பிள்ளைகள் சமாளிக்கக் கற்றுக்கொள்கின்றனர். கையை உயர்த்தி வைத்துத் தட்டச்சு செய்கின்றனர். தவறு நேரும்போதெல்லாம் அழித்து அழித்து எழுதுகின்றனர். அமைப்பை மாற்ற முடியும் என்பதை அறியாதவர் அதைத் தேடவும் மாட்டார். சமாளிப்பது வேறு, சீரமைப்பது வேறு.

இதனால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. 15 வயது மாணவர்களுக்கான ‘பீசா’ என்னும் அனைத்துலக மதிப்பீட்டை, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மலேசிய மாணவர்கள் கணினி வழியாகவே எழுதினர். இனி உயர்கல்வியிலும் வேலையிலும் கணினியைத் தவிர்க்க இயலாது. கூலாய், செடெனாக் வட்டாரங்களில் மாபெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றின் அருகில் வாழும் மாணவர், உள்ளங்கை அகலமுள்ள ஒரு தொடுபலகையால் “எனக்குக் கணினி வராது” என்னும் முடிவுக்கு வந்துவிடலாமா?

தமிழர்களுக்கு இதில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கணினி தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்காகவே அமைக்கப்பட்டிருந்தது. அதனால் தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று மலேசியத் தமிழர்கள் ஒதுங்கிவிடவில்லை. முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், கணினியைத் தமிழுக்கேற்ப மாற்றியது. மொழிக்கேற்பக் கருவியை மாற்ற முடிந்ததென்றால், ஒரு மாணவரின் விரலுக்கேற்ப அதை மாற்றுவது அரிய செயலன்று.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கினால் போதும். ஆசிரியர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். மாணவர்கள் ஒவ்வொரு நிலையிலும் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து பார்த்து, தங்களுக்கு ஏற்ற நிலையைத் தெரிந்துகொள்ளலாம். பள்ளியின் மடிக்கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதால், பயன்படுத்திய பின் பழைய நிலைக்கு மாற்றி வைப்பது நற்பண்பு. கற்றுக்கொண்டதை வீட்டில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சொல்லித் தரலாம்.

முயற்சியும் பயிற்சியும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால், கோணலான கூடத்தில் எவ்வளவு பயின்றாலும் கால் இடறவே செய்யும். ஆகவே, ஒரு மாணவர் தடுமாறும்போது, அவருக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், கருவி அவருக்கேற்ப அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவரும் தம்மை நொந்துகொள்வதற்கு முன், அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.