மொழிப்பற்றும் படைக்கலமும்

தாய்மொழியின்பாற் பற்று மக்கட்கு இயல்பு; அதற்கு இழுக்கு நேர்ந்துழி உள்ளம் கொதித்தலும் இயல்பே. அக்கொதிப்புப் படைக்கலம் ஏந்துமாயின் அதன் பயன் யாது, அப்பயனை நுகர்வார் யாவர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. தனித் தமிழ்நாடு வேண்டிப் போர்மேற்கொண்ட தமிழ்நாடு விடுதலைப் படையினை இளைஞர் சிலர் இன்றும் வியந்து பேசக் கேட்கின்றேன். கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூரில் வளர்ந்த எனக்கு அவ்வியப்பிற் பங்குகொள்ள மனம் இசையவில்லை.

அப்படையின் தலைவர் தமிழரசன் தன்னலம் கருதினார் என யான் கூறேன். ஆயினும் நிகழ்ந்தவற்றை நோக்குமின். 1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெடியால் தகர்ந்தது. மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பழி இப்படையினர்மேற் சுமத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையிடப் புக்க தமிழரசன் மக்கள் கூட்டத்தால் அடியுண்டு இறந்தார். எம்மக்களை விடுவிக்க எழுந்தாரோ அம்மக்களே அவரை அறிந்திலர். இதனினும் இரங்கத்தக்கது யாது?

எல்லைப்புறத்தார் இதன் விளைவை உணர்ந்தது 2000-ஆம் ஆண்டில். சூலை 30-ஆம் நாள், கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தொட்டகாஜனூரினின்று வீரப்பன் கவர்ந்து சென்றான். இப்படையினர் சிலரும் அவனோடு காட்டில் இருந்தனர். காவிரி நீர், 1991-ஆம் ஆண்டுக் கலகத்தில் இழப்புற்ற கன்னட நாட்டுத் தமிழர்க்கு ஈடு, பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையின் திறப்பு முதலியன அவர்தம் வேண்டுகோள்கள். இவற்றுள் நேர்மையுடையன இல்லாமல் இல்லை. 1991-இல் தமிழர் பலர் வீடிழந்து எல்லை கடந்து ஓடிவந்தமை மெய்யே. ஆயினும் நடிகர் சிறையிருந்த 108 நாட்களும் நடுங்கியவர் யாவர்? பெங்களூர்த் தமிழர்தாமே! சிலையோ திறக்கப்பட்டிலது.

அச்சிலை பின்னர் எவ்வாறு திறக்கப்பட்டது? இருநாட்டு முதலமைச்சரும் பேசி இசைந்தனர். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் பெங்களூரில் வள்ளுவர் சிலையும், 13-ஆம் நாள் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. துப்பாக்கி பெறாததை இன்சொல் பெற்றது.

ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும். சிப்காட் ஆலைகளில் மூவரும் ஒருங்கே உழைப்பர். நாடோறும் எல்லை கடந்து கூலிக்குச் செல்வார் பலர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் காவிரிக் கலகம் மூண்டு பேருந்துகள் நின்றபோது, மூட்டை சுமந்து அத்திப்பள்ளி வழியே நடந்தவர் ஏழைகளே. ஆட்சியாளர் எவரும் நடந்திலர்.

கெத்செமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவினார். அவர் எண்ணம் ஆண்டவரைக் காத்தல். வாள் அறுத்ததோ மல்குஸ் என்னும் ஊழியக்காரனின் காதை. ஆசாரியர்மேல் ஓங்கிய வாள் வேலைக்காரன்மேல் வீழ்ந்தது. வாளை உறையிலிடப் பணித்த ஆண்டவர் அக்காதையும் தொட்டுக் குணமாக்கினார்.

ஆதலின், தோழர்காள், தமிழின் உரிமையை அஞ்சாது கேட்போம், எழுதுவோம், வழக்காடுவோம், அண்டை வீட்டான் மொழியையும் கற்போம். ஓங்கும் வாள் எவன் காதில் வீழும் என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.