நஷ்டஈடு தருமமல்ல, முதலாளி பட்ட கடன்!

அவிநாசி, தெக்கலூர், சேவூர், பெருமாநல்லூர் வட்டாரத்தில் ஒரு தொழிலாளி வேலைத்தலத்தில் விழுந்து, முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனால் ஊரார் இரண்டு வார்த்தை சொல்வார்கள். “அவன் விதி” என்பது ஒன்று. “முதலாளி நல்லவர், ஏதோ பார்த்துச் செய்தார்” என்பது மற்றொன்று.

இரண்டும் பொய். அவன் விழுந்தது விதியால் அல்ல. முதலாளி கொடுத்ததும் தருமம் அல்ல. சட்டப்படி அவர் பட்ட கடனில் ஒரு துளியைக் கொடுத்துவிட்டு மீதியை விழுங்கியிருக்கிறார்!

விதியா, லாபமா?

முதுகெலும்புக்குள் விரல் பருமனில் ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். கழுத்தில் அது நசுங்கினால் கை கால் நான்கும் போகும். முதுகில் நசுங்கினால் இரண்டு கால்களும் போகும். எங்கே அடிபட்டாலும் மல ஜலம் அடங்காது. அறுந்த தண்டுவடத்தை மறுபடி ஒட்டவைக்க இன்றுவரை உலகில் வைத்தியம் கிடையாது.

இந்த நரம்பு எப்படி நசுங்குகிறது? ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுகல் அடைக்க ஆளை ஏற்றுகிறார்கள். நடக்கப் பலகை கிடையாது, இடுப்பில் பெல்ட் கிடையாது. ஷீட் உடைகிறது, ஆள் சிமெண்ட் தரையில் விழுகிறான். பஞ்சுப் பேல் ஒன்று 170 கிலோ. அட்டி உயர உயர குடோனில் இடம் மிச்சம். அட்டி சரிந்தால் கீழே நிற்பவனின் கழுத்து போச்சு. சரக்கு லிப்டில் ஆட்களை ஏற்றுகிறார்கள். அதற்குக் கதவு இல்லை. புதுக் கட்டடத்தின் சாரத்துக்குத் தடுப்பும் இல்லை, வலையும் இல்லை.

பலகை, பெல்ட், கதவு, வலை! ஏற்றுமதிக் கம்பெனிக்கு இவை ஒரு செலவா? வாங்காமல் விட்ட பணம் முதலாளியின் லாபக் கணக்கில் ஏறுகிறது. முறிந்த எலும்பு தொழிலாளியின் கணக்கில் ஏறுகிறது. இதற்குப் பெயர் விதியாம்!

விழுந்தவனை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கிப் போடுகிறார்கள். பாதி நசுங்கிய நரம்பு அந்தத் தூக்கலிலேயே முழுதும் நசுங்கிப் போகலாம். கழுத்து அசையாமல் பலகையில் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸில் அனுப்பவேண்டும். தீயணைக்கும் சிலிண்டரை மாட்டிவைக்கும் கம்பெனிகள், இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தினால் குடி முழுகிவிடுமா?

சாலையும் அப்படித்தான். 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், அவிநாசி அருகே எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசு பஸ்ஸின்மீது மோதியதில் 19 பேர் மாண்டார்கள். நாடே பேசியது. ஆனால் அதே நெடுஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து கண் சொருகி வண்டியோட்டி வருகிறவர்களையும், சரக்கு வண்டியில் நின்றுகொண்டே வரும் பெண்களையும் பற்றி யார் பேசுகிறார்கள்? செத்தவர்களைப் பத்திரிகைகள் எண்ணுகின்றன. படுக்கையோடு மிஞ்சியவர்களை எண்ணுவார் இல்லை.

மூன்று சால்ஜாப்புகள்

நஷ்டஈடு கேட்டால் முதலாளியின் ஆட்கள் மூன்று சால்ஜாப்புச் சொல்கிறார்கள்.

“அவன் கவனக்குறைவாக இருந்தான்.” இருக்கட்டுமே! 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக அடிபட்டாலே முதலாளி பொறுப்பு என்றது. தொழிலாளி முற்றாக, நிரந்தரமாக முடங்கிவிட்டால் அவன்மீது குற்றம் சுமத்தித் தப்பிக்கும் வழியையும் பிற்காலத் திருத்தம் அடைத்துவிட்டது.

“அவன் காண்டிராக்டரின் ஆள்.” கம்பெனியின் வேலைக்காகக் காண்டிராக்டர் பிடித்துவந்த ஆளுக்கும் கம்பெனி முதலாளியே நஷ்டஈடு தரவேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது 12வது பிரிவு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளியை மூன்றாம் நாளே ரயிலேற்றி அனுப்பினாலும் இந்தக் கடன் கூடவே ரயிலேறிப் போய்விடாது!

“வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.” நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது 17வது பிரிவு. சமரசத் தொகை பேசினால் அதை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்றது 28வது பிரிவு. பதிவாகாத ராஜிப் பத்திரம் வெறும் காகிதம்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தை மத்திய சர்க்கார் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டது. ஆனால் இந்த உரிமைகள் அதிலும் இருக்கின்றன. “பழைய சட்டம் ஒழிந்தது, இனி ஒன்றும் கிடையாது” என்று எந்த மானேஜராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பிருந்தால், வேலை விபத்தே என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தொகுப்பும் அதையே சொல்கிறது.

கணக்குப் போடுவோம்

முப்பது வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு என்று 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. முற்றாக முடங்கினால் அதில் 60 சதவிகிதம், அதாவது 9,000 ரூபாய். முப்பது வயதுக்கு அட்டவணை தரும் எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய்! வைத்தியச் செலவு தனி. ஒரு மாதத்துக்குமேல் இழுத்தடித்தால் 12 சதவிகித வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் பாதித் தொகைவரை அபராதமும் உண்டு. ஐம்பதாயிரத்தைக் கவரில் போட்டு நீட்டுகிற “நல்ல” முதலாளி எவ்வளவை விழுங்குகிறார் என்று இப்போது பாருங்கள்!

ஆனால் தோழர்களே, இந்தப் பதினெட்டு லட்சமே நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

தொழிலாளி இறந்தால் சம்பளத்தில் 50 சதவிகிதம். முற்றாக முடங்கினால் 60 சதவிகிதம். படுத்துக் கிடப்பவனுக்கு அதிகப்படியாக 10 சதவிகிதம். நம் உதாரணத்தில் அது 3,11,970 ரூபாய். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். சிறுநீர்க் குழாய் மாற்றவேண்டும், குளிப்பாட்டவேண்டும், தூக்கி உட்காரவைக்கவேண்டும். ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய இந்த வேலைக்கெல்லாம் சேர்த்துச் சட்டம் வைத்த விலை மூன்று லட்சம்!

அதே நாட்டில் மோட்டார் விபத்து வழக்கின் கதை வேறு. லாரி மோதி முற்றாக முடங்கிய 12 வயதுச் சிறுமிக்கு, கூட இருந்து கவனிக்கும் ஆட்களின் கூலியாக மட்டும் 21,60,000 ரூபாய் தரவேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு! அப்படியானால், சாலையில் முடங்கியவருக்கு ஆள் வேண்டும், மில்லுக்குள் முடங்கியவருக்கு வேண்டாமா? மில் தொழிலாளி வீட்டில் அந்த ஆள் யார்? கூலியில்லாத மனைவி! பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட மகள்! சட்டம் எழுதியவர்கள் இவர்கள் உழைப்பைக் கணக்கில் வைக்கவே இல்லை. 2020ல் புதிதாக எழுதக் கிடைத்த சந்தர்ப்பத்திலும் ஆள் கூலிக்கு ஒரு வரி சேர்க்க மனம் வரவில்லை!

ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் ஆயுள்வரை மாதாமாதம் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பத்தாண்டு உழைத்தவருக்கும் கார்டு போடாத கம்பெனிகள் எத்தனை? லட்சக்கணக்கான தொழிலாளர்கள் சந்தா கட்டும் திருப்பூருக்கு 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி திறக்க 2024 ஆயிற்று.

முடங்கினால் வாழ்வே முடிந்தது என்பதும் பொய். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் அறுந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழும்பப் பாடுபட்டார். சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தால் நம் தொழிலாளியும் எழுந்து உட்கார்ந்து சம்பாதிப்பார். அதற்குத்தான் பணம் கேட்கிறோம்.

அவிநாசிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டபோது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை வந்தான் என்பார்கள். முதலைகூட இழந்த ஆண்டுகளைச் சேர்த்துத்தான் திருப்பித் தந்தது. முதலாளி மட்டும் தரமாட்டாராம்!

செய்யவேண்டியது

விபத்து நடந்த அன்றே போலீசில் புகார் பதிவாகவேண்டும். “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதவிடாதீர்கள். கம்பெனி பெயரும் விழுந்த இடமும் அதில் ஏறவேண்டும். கார்டு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பக்கத்து மெஷின்காரர் சாட்சி சொல்ல அஞ்சக்கூடாது. நாளைக்கு அவர் முறை வரலாம். வேலை விபத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடவேண்டும். சாலை விபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள்; தாமதிக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத தொழிலாளிக்குக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

சங்கங்கள் சர்க்காரிடம் கோரவேண்டியது இவை: சம்பள உச்சவரம்பை நீக்கு! முற்றாக முடங்கிய தொழிலாளிக்கு ஆள் கூலியைத் தனியாகச் சேர்! கார்டு போடாத முதலாளிமீது வழக்குப் போடு! திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் தண்டுவட மறுவாழ்வுப் பிரிவு திற!

இந்த ஊரின் பெயரை உலகச் சந்தையில் நிமிர்த்தி நிறுத்தியது தொழிலாளியின் முதுகெலும்பு. அது முறிந்தால் கடனைக் கணக்குப் பார்த்து, வட்டியோடு வசூலிப்போம்!