ட்ரெண்டிங் பட்டியல் மக்கள் மன்றம் அல்ல

2019 ஜூலைக் கடைசியில் நடிகர் விஜய் நலமாக இருந்தார். ட்விட்டரிலோ அவருக்கு இறுதி அஞ்சலி செலுத்தும் ஹேஷ்டேக் இந்திய அளவில் ட்ரெண்ட் ஆகிக்கொண்டிருந்தது. போட்டி நடிகரின் ரசிகர்கள் கிளப்பிய வேலை அது. பதிலுக்கு விஜய் ரசிகர்கள் அவர் நீடூழி வாழ வேண்டுமென்று வேறொரு டேக்கை ஏற்றினார்கள். நாட்டில் மழை, வறட்சி, குற்றங்கள் என்று எவ்வளவோ இருக்க, நம் மாநிலத்து இளைஞர்கள் இதையா ட்ரெண்ட் செய்கிறார்கள் என்று கிரிக்கெட் வீரர் அஸ்வின் நொந்து எழுதினார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், காயமடைந்ததாகச் சொல்லி, பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே பிரார்த்தித்தது. 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் நேசமணி. வடிவேலு மீது நமக்குள்ள அன்பின் வெளிப்பாடு என்பதால் அந்தக் கொண்டாட்டத்தை நான் குறை சொல்லவில்லை. என் கோபம் வேறு. சாகாதவரின் சாவும் இல்லாதவரின் காயமும் முன்னணிக்கு வந்த அதே பட்டியலில் மறுநாள் ஓர் அரசியல் டேக் ஏறினால், “தமிழகமே கொந்தளிக்கிறது” என்று நம்பிவிடுகிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் கண்டிக்கிறேன்.

அந்தப் பட்டியல் தலைகளை எண்ணுவதே இல்லை. விக்கிலீக்ஸ் விவகாரம் ஏன் ட்ரெண்டாகவில்லை என்று 2010 டிசம்பரில் பலரும் கேட்டபோது ட்விட்டர் நிறுவனமே விளக்கம் தந்தது. அதிகம் பேசப்படுவது பட்டியலில் ஏற வேண்டும் என்பதில்லை. புதிதாகத் திடீரென்று வேகமெடுப்பதுதான் ஏறும். ஆண்டு முழுக்க ஓர் ஊர் குடிநீருக்காகப் புலம்பினாலும் அதில் திடீர் வேகம் கிடையாது. அரை மணி நேரம் ஒரே மூச்சில் ஒரே டேக்கைத் தட்டினால் உண்டு.

இந்தச் சூட்சுமம் ரசிகர் மன்றங்களுக்கும் கட்சிகளின் ஐ.டி. விங்குகளுக்கும் அத்துப்படி. ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு முன் ரசிகர்கள் போடும் அறிவிப்பைப் பாருங்கள்: டேக் மாலை 6 மணிக்கு வெளிவரும், அதற்கு முன் யாரும் பயன்படுத்த வேண்டாம். முன்கூட்டியே கசிந்தால் வேகம் செத்துவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ட்வீட்டுகளை எழுதியே கொடுத்துவிடுவார்கள். எடுத்து ஒட்ட வேண்டியது மட்டும்தான் தொண்டரின் வேலை. ஒரே எழுத்துப்பிழை ஐம்பது கணக்குகளில் அப்படியே வருவது இதனால்தான்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயன்படுத்தியவர்கள் 53 கோடி, ட்விட்டரில் இருந்தவர்கள் 1.75 கோடி. தமிழ்நாட்டின் பங்கு இந்த 1.75 கோடிக்குள் ஒரு பகுதி. அதிலும் ஒரு மாலையில் உட்கார்ந்து டேக் போடுபவர்கள் எத்தனை பேர்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் செங்கல் சூளைத் தொழிலாளியும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆனால் இரவு விவாதத்தில் “மக்கள் கேட்கிறார்கள்” என்று நெறியாளர் சொல்லும்போது அவர்கள் பெயராலும்தான் கேட்கிறார்.

டேக் இல்லாவிட்டால் சாத்தான்குளம் கொடுமை வெளியே தெரிந்திருக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2020 ஜூனில் அங்கே ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல்துறையின் பிடியில் அடிபட்டு இறந்த செய்தி தமிழ்நாட்டைத் தாண்டிப் பரவியதில் டேக்குகளுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வழக்கை நிற்கவைத்தது எது? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்கே போனார், அங்கிருந்தவர்களின் மிரட்டலுக்கு நடுவே விசாரணை நடத்தினார். இருவரையும் விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று ஒரு பெண் தலைமைக் காவலர் சாட்சி சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் அஞ்சினார், தயங்கித் தயங்கித்தான் போட்டார். லட்சக்கணக்கான ட்வீட்டுகளை விட அந்த ஒரு கையெழுத்துக்கு எடை அதிகம். நீதி கிடைக்க நாமும் உழைத்தோம் என்று டேக் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள் நினைத்துக்கொள்வது அந்தப் பெண்ணின் துணிச்சலுக்குச் செய்யும் அவமரியாதை.

செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ட்ரெண்டிங்கில் முதலிடம்” என்று தலைப்பு வைக்கும் முன், டேக் எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் போட்ட கணக்குகள் யாருடையவை, ஒரே வாசகம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று உங்கள் உதவி ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் அந்தச் செய்தியைப் போடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு தாலுகா நிருபர் அனுப்பிய செய்தியைப் போடுங்கள்.