நெல் சொன்னதும் தோழி சொன்னதும்

களவொழுக்கத்தில் தலைவி மெலிகின்றாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கின்றாள். முறத்தில் பரப்பிய நெல்லை நந்நான்காக எண்ணி, எஞ்சுவது 1, 2, 3 எனின் முருகணங்கு என்றும், 4 எனின் பிறிதொரு நோய் என்றும் சொல்வது மரபு என உரைகள் கூறும். நான்கில் மூன்று வழியும் முருகனிடமே சென்று சேர்வதைக் காண்க! பின்னர் வேலன் வருகின்றான், வெறியாட்டு நிகழ்கின்றது, ஆடு பலியாகின்றது. நோய் மட்டும் தீர்வதில்லை.

இக்காட்சியைப் பண்டைத் தமிழர் நம்பிக்கைக்குச் சான்று என்று மட்டுமே வகுப்பில் காட்டிச் செல்கின்றோம். அது போதாது. சங்கப் புலவர் குறியின் வெற்றியைப் பாடினாரல்லர். அதன் தோல்வியையே பாடினர் என்பது என் கருத்து. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி, இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைக்க வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் என்று இடித்துரைக்கின்றாள். எத்துணைத் துணிவு!

ஔவையாரின் குறுந்தொகை 23ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. கட்டுவிச்சி பாடிவருகையில் தலைவனது குன்றமும் அப்பாட்டில் இடம்பெறுகின்றது. அக்குன்றத்தைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடுக எனத் தோழி வேண்டுகின்றாள். யாருடைய குன்றம் என்னும் வினா தாய்க்கு அப்போதுதான் எழுகின்றது. உண்மை வெளிப்பட்டது நெல்லினால் அன்று, தோழியின் சொல்லினால்.

இன்று நெல்லுக்கு மாற்றாக டாரட் சீட்டுகள் 78ஐயும் கலைத்து விரிப்போர் உளர். கருவி எதுவாயினும் ஆகுக. அத்தாய் நெல்லைக் கேட்டாள், வேலனைக் கேட்டாள், அருகில் வாடி நின்ற மகளை ஒரு சொல்லும் கேட்டாளில்லை.