இருதயம் அனுப்பும் தூது

எம் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு மார்பின்மீது பாரம் ஏற்றினாற்போல் ஒரு வலி கண்டது. "வாயுதான், வேறென்ன?" என்று தமக்குத் தாமே வைத்தியம் சொல்லிக்கொண்டார். வீட்டு அம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மகன் மட்டும் எதையும் கேளாமல் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றான். அங்கே இருதயத் துடிப்பை வரைந்து காட்டும் படத்தில் குறை தெரியவில்லை. முதல் இரத்தப் பரிசோதனையிலும் தெரியவில்லை. நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "மூன்று மணி நேரம் பொறுங்கள், மறுபடி பார்த்துவிட்டு அனுப்புகிறேன்" என்று வைத்தியர் தடுத்தார். இரண்டாம் பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டது. வந்தது வாயு அன்று, மாரடைப்பு!

அந்த மூன்று மணி நேரத்தில் இரத்தத்திற்குள் புதிதாக வந்து சேர்ந்தது என்ன?

இருதயம் சுருங்கி விரிவதற்குத் துணைநிற்கும் புரதங்களுள் டிரோபோனின் என்பது ஒன்று. 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஜப்பானிய அறிஞர் எபாஷி கண்டறிந்தது அது. கால்சியம் என்னும் சுண்ணச் சத்து உயிரணுவுக்குள் பெருகும்போது அதை ஏற்றுக்கொண்டு, தசை இழைகள் சுருங்க வழிவிடுவதே அதன் தொழில். வீட்டுக்குள் இருக்கவேண்டிய பொருள். வீதியில் அதற்கு வேலையில்லை. இரத்தக் குழாய் அடைபட்டு, பிராணவாயு கிட்டாமல் இருதய உயிரணுக்கள் மடியும்போது அவற்றின் சுவர் உடைகிறது. உள்ளேயிருந்த டிரோபோனின் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆனால், பரிசோதனையில் தெரியும் அளவுக்கு அது சேர்வதற்குச் சிறிது காலம் வேண்டும். ஆகவேதான் வைத்தியர் காத்திருக்கச் சொன்னார்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் இதே நோக்கத்துடன் வேறொரு புரதத்தை இரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். அதுவோ ஈரல் கெட்டாலும் இரத்தத்தில் மிகும். யார் வீட்டுத் தூதன் என்று தெரியாமல் தூதை நம்புவது எப்படி? டிரோபோனினிலோ இருதயத்துக்கே உரிய தனி வகைகள் உண்டு. கை கால் தசையிலிருந்து வருவது வேறு வகை. இருதயத்தின் முத்திரை அதில் இருக்கிறது.

மரண ஓலையை வாசிப்பதோடு விஞ்ஞானம் நின்றுவிடவில்லை. அழியப்போகும் அணுவைக் காக்க வழியுண்டா என்றும் ஆராய்ந்தது. 1986-இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர், நாய்களின் இருதயக் குழாயொன்றை 5 நிமிஷம் அடைத்து, 5 நிமிஷம் திறந்துவிட்டார்கள். இவ்வாறு 4 முறை செய்தபின் 40 நிமிஷம் தொடர்ந்து அடைத்தார்கள். ஏற்கெனவே சிறிது துன்பப்பட்ட இருதயம் அதிகம் கெட்டிருக்கவேண்டும் என்றல்லவா நாம் நினைப்போம்? நிகழ்ந்தது நேர்மாறு. இந்த முன்பயிற்சி பெறாத இருதயங்களில் கண்ட சேதத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இவற்றில் காணப்பட்டது! சிறு துன்பம் பெருந்துன்பத்தைத் தாங்கும் வல்லமையைத் தந்துவிட்டது.

அந்த வல்லமை எங்கே ஒளிந்திருக்கிறது? இதை அறியவே புரத ஆராய்ச்சி உதவுகிறது. முன்பயிற்சி பெற்ற இருதயத்தின் புரதங்களையும், பெறாததன் புரதங்களையும் துண்டுகளாக்கி, நுட்பமான யந்திரத்தில் ஒவ்வொரு துண்டாக எடை பார்த்து ஒப்பிடுகிறார்கள். எந்தப் புரதம் மிகுந்தது, எது குறைந்தது, எதன்மேல் பாஸ்பேட் ஒட்டியது என்பதெல்லாம் எடையிலே தெரிந்துவிடும். பெரிய புரதங்களையும் சிதையாமல் நிறுக்க வழிகண்டவர்களுள் ஒருவரான டனாகா, கியோத்தோ நகரத்துக் கம்பெனியொன்றின் பொறியாளர். டாக்டர் பட்டம் பெறாதவர். 2002-இல் 43-ஆம் வயதில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பட்டமே அறிவென்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இவ்வாராய்ச்சிகளில், புரோட்டீன் கைனேஸ் சி என்ற புரதத்தின் ஒரு வகை, ஆபத்துக் காலத்தில் அணுவுக்குள் இடம்பெயர்ந்து, சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவைக் காக்கும் பல புரதங்களோடு கூட்டுச் சேர்வது விலங்குகளில் தெரியவந்தது. ஊருக்கு ஆபத்து வந்தால் ஒருவர் தனியே காவல் நிற்பதில்லை அல்லவா?

அப்படியானால் மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. மாரடைப்பு முன்னறிவித்து வருவதில்லையே! கையில் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினால், அந்தப் பயிற்சி இருதயத்துக்கும் எட்டும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவில் 5,000-க்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து பார்த்து, பயனில்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதே விஞ்ஞானத்தின் நேர்மை.

ஆகவே இன்று நம் கையில் இருக்கும் பெரிய மருந்து காலம் ஒன்றே. மடிந்த இருதய அணுக்களுக்கு ஈடாகப் புதியவை பிறப்பது மிக அரிது. அடைப்பை எவ்வளவு விரைவில் நீக்குகிறோமோ அவ்வளவு மிஞ்சும். மார்பில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் நெஞ்சுவலி இன்றியும் மாரடைப்பு வரக்கூடும். முதல் பரிசோதனை நன்றாயிருந்தாலும் வைத்தியர் இருக்கச் சொன்னால் இருங்கள்.

நண்பர் இப்பொழுது மாலைதோறும் உலாவப் போகிறார். சுக்குக் கஷாயத்தை விட்டுவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் மகன் சொல்லைக் கேட்டபிறகு!